மூன்று ஆம்ப்ளிஃபயரும் மூன்றாவது ஓலையும்

என் ஒயரிங்கை யாராவது குறை சொல்லிவிட்டால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. இப்போதும் அப்படித்தான். எண்பதுகளின் நடுவில், ஆம்பூரில் பெங்களூர் ரோட்டின் மேல் ஒரு தகரக் கொட்டகையில் கார் ஒயரிங் கடை வைத்திருந்தபோது இன்னும் மோசம். ஹாரன் அடிக்கவில்லை என்று வருகிறவன், "நீ போட்ட ஒயர்தான?" என்று ஒரு வார்த்தை சேர்த்துக் கேட்டால் போதும். கையிலிருக்கும் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிடுவேன். "அப்ப தெரிஞ்சவன்கிட்ட எடுத்துகினு போ" என்று அனுப்பிவிடுவேன். போனவன் சாயங்காலம் திரும்பி வருவான். அந்த ஊரில் அப்போது காருக்குள் பாட்டுப் பெட்டி பொருத்தத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

ஒரு நாள் தோல் பதனிடும் டேனரி ஒன்றின் முதலாளி கடைக்கு ஆள் அனுப்பினார். போனேன். அவர் மருமகன் துபாயிலிருந்து வந்தபோது மாமனாருக்கு ஒரு ஜப்பான் கேசட் செட்டு, ஆறு ஸ்பீக்கர், மூன்று ஆம்ப்ளிஃபயர், தானாக எழுந்து தானாக இறங்கும் மோட்டார் ஆன்டெனா எல்லாம் வாங்கி வந்திருந்தார். அம்பாசிடர் காருக்கு மூன்று ஆம்ப்ளிஃபயர்! ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கொடுத்தாலும் மிச்சம் விழும். டப்பாக்களை மேசைமேல் அடுக்கி வைத்துக்கொண்டு முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வேலூர்ல கேட்டா மெட்ராஸுக்குப் போன்னு சொல்றான். உனக்கு இது ஆவுமா, மிஸ்திரி? இல்ல சும்மா பேஜார் பண்ணுவியா?"

"ஆவும் முதலாளி. நாளைக்கு வண்டிய அனுப்புங்க."

ஆகுமா ஆகாதா என்று எனக்கே தெரியாது. அதற்கு முன் ஒரு காரில் ஒரு ஆம்ப்ளிஃபயருக்கு மேல் நான் பொருத்தியதில்லை. ஆனால் 'ஆவுமா' என்று கேட்டுவிட்டாரே, பிறகு விட முடியுமா?

இதில் என்ன கஷ்டம் என்று சொல்லிவிடுகிறேன், பெரிய வித்தையெல்லாம் இல்லை. ஆம்ப்ளிஃபயருக்கு பேட்டரியிலிருந்து தடித்த சிவப்பு ஒயர் நேராகப் போகும். அதில் எந்நேரமும் கரண்ட் இருக்கும், ஆனால் ஆம்ப்ளிஃபயர் தூங்கிக்கொண்டிருக்கும். அதை எழுப்புவதற்கென்று இன்னொரு மெல்லிய ஒயர், ரிமோட் ஒயர் என்று பெயர். செட்டின் பின்பக்கத்திலிருந்து நீல நிறத்தில் வரும். செட்டைத் திருகினால் அந்த நீல ஒயரில் கொஞ்சம் கரண்ட் வரும், ஆம்ப்ளிஃபயர் கண் விழித்துக்கொள்ளும். செட்டை அணைத்தால் மறுபடியும் தூங்கிவிடும். ஆனால் அந்த நீல ஒயருக்குத் தெம்பு ரொம்பக் கம்மி. ஆன்டெனாவை எழுப்பும், கூட ஒன்றை எழுப்பும். மூன்று ஆம்ப்ளிஃபயரையும் அதன் தலையிலேயே கட்டினால் செட்டுக்குள் ஏதாவது கருகும். ஒரு கைக்குழந்தையை அனுப்பி வீட்டில் தூங்குகிற மூன்று தடியன்களை எழுப்பி வா என்றால் அது என்ன செய்யும்? அழும்.

இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் ஒரு ஹாரன் ரிலேயை எடுத்தேன். ரிலே என்பது சின்னக் கரண்டை வாங்கிக்கொண்டு பெரிய கரண்டைத் திறந்துவிடுகிற ஒரு டப்பி. நீல ஒயர் ஆன்டெனாவையும் இந்த ரிலேயையும் மட்டும் தட்டினால் போதும். ரிலே பேட்டரியிலிருந்து நேராகக் கரண்டை வாங்கி, தனி ஒயர் வழியாக மூன்று ஆம்ப்ளிஃபயரையும் ஒரே நேரத்தில் உலுக்கி எழுப்பிவிடும். ஃபியூஸ் தனியாகப் போட்டேன். ஒவ்வொரு முனைக்கும் ஈயம் வைத்தேன். சும்மா சொல்லக்கூடாது, அந்த ஒயரிங்கைப் பார்த்தால் எனக்கே கண் பட்டுவிடும் போலிருந்தது.

கடைசியாகத் தோல். ஆம்பூரில் எதற்கும் தோல்தான். கதவு ஆடுகிறதா, ஒரு துண்டுத் தோலை மடித்துச் செருகு. குழாய் ஒழுகுகிறதா, தோலில் வாஷர் வெட்டு. கட்டில் கால் ஒன்று குட்டையா, அடியில் தோல். பக்கத்து ஊர்க்காரர்கள் அட்டையும் ரப்பரும் தேடும் இடத்தில் எங்கள் கை தானாகத் தோல் குப்பைக்குத்தான் போகும். டிக்கியில் முதலாளி ஜாக்கி, ஸ்பேனர், சாம்பிள் கட்டு எல்லாம் போடுவார். ஏதாவது இரும்பு ஆம்ப்ளிஃபயரின் திருகுகளில் பட்டால் தீப்பொறிதான். அதனால் டேனரி முற்றத்தில் கிடந்த குவியலிலிருந்து, குரோம் போட்டு எடுத்து இன்னும் சாயம் ஏற்றாத வெளிர்நீலத் தோலாகப் பார்த்துப் பொறுக்கினேன். தடிமனாக, மெத்தென்று இருந்தது. வெயிலில் காயவைத்து, மூன்று ஆம்ப்ளிஃபயரின் திருகு வரிசைகளையும் இறுக்கமாக மூடி, ஓரம் மடித்து, ஷூவுக்கு மேல்தோல் இழுத்த மாதிரி இழுத்து அடிப்பலகையில் ஆணி அடித்தேன். முதலாளி பார்த்துவிட்டு, "மிஸ்திரி, உன்ன ஃபேக்டரில வெச்சுக்கணும்" என்றார். எனக்கு இரண்டு நாள் தரையில் கால் பாவவில்லை.

இந்த இடத்தில் முதலாளியின் டிரைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பது வயது, வெள்ளைச் சட்டை, பொத்தான் கழுத்துவரை. எங்கள் சர்ச் சபையில் முன்வரிசைக்காரர். கீர்த்தனை தவிர வேறெதையும் காதில் வாங்க மாட்டார். சினிமாப் பாட்டு அவருக்குச் சாராயக்கடை வாசல் மாதிரி. முதலாளி பாட்டுப் போட்டால் இவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு செவிடரைப் போல ஓட்டுவார். இந்த ஜப்பான் செட்டு மட்டும் இல்லை, அதற்கு முன் அந்தக் காரில் இருந்த பழைய ரேடியோவைக்கூட அவர் விரல் தொட்டதில்லை. இருபது வருஷமாக அந்தக் குடும்பத்துக்கு வண்டி ஓட்டினார். வண்டிச் சாவி இரவில் அவர் வீட்டு ஆணியில்தான் தொங்கும். ஊரில் வேறெந்த டிரைவருக்கும் அந்த உரிமை கிடையாது. அந்த ஆணியை அவர் வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காட்டாமல் விடமாட்டார்.

அவருடைய மகளைத்தான் எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். அவள் வேலூரில் பாகாயத்துப் பக்கம் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். என்னைவிடப் படித்தவள், என்னைவிட வாய்க்காரி. எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை ஏதாவது உண்டென்று அறிந்தவர் எழுந்து சொல்லலாம் என்று போதகர் சபை நடுவில் படிப்பார். மூன்று வாரமும் யாரும் எழுந்திருக்கவில்லை என்றால் கல்யாணம். முதல் ஓலை வாசித்தபோது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. எனக்கு அந்த மழைகூட ஆசீர்வாதமாகத் தெரிந்தது.

ஆம்ப்ளிஃபயர் பொருத்தி இரண்டு மாதம் ஒரு குறை கிடையாது. முதல் ஓலைக்கு மறுநாள், திங்கட்கிழமை காலை, கார் செல்ஃப் எடுக்கவில்லை. பேட்டரி சுத்தமாகச் செத்திருந்தது. லோடு ஏற்றும் ஆட்கள் நாலு பேர் தள்ளினார்கள். மாமா, டிரைவரை நான் அதற்குள் மாமா என்றே கூப்பிட ஆரம்பித்திருந்தேன், பேட்டரியைக் கழற்றி என் கடைக்கு அனுப்பினார். சார்ஜ் ஏற்றிக் கொடுத்தேன். வியாழக்கிழமை மறுபடியும் அதே கதை. நான் மீட்டரை எடுத்துக்கொண்டு மதியம் போய் ஒவ்வொரு ஒயராகப் பார்த்தேன். வெயில் சுள்ளென்று அடித்தது, டிக்கியைத் திறந்து போட்டுத்தான் பார்த்தேன். எங்கேயும் ஒரு சொட்டுக் கரண்ட் கசியவில்லை. பேட்டரி பழசு என்று சொன்னேன். புதிசு வாங்கிப் போட்டார்கள்.

இரண்டாவது ஓலை வாசித்தார்கள். மறுநாள் காலை புது பேட்டரியும் படுத்துவிட்டது. அன்றைக்கு முதலாளிக்கு வேலூரில் முக்கியமான வேலை. நாலு பேர் தள்ளியும் வண்டி பிடிக்கவில்லை, மழையில் நனைந்துகொண்டு பஸ்ஸில் போனார். செவ்வாய்க்கிழமை காலை என்னைக் கூப்பிட்டு முற்றத்தில் நிறுத்தினார். சுற்றிலும் வேலைக்காரர்கள். மாமா கார் பக்கத்தில் நின்றிருந்தார்.

"பள்ளிகொண்டா வரைக்கும் நின்னுகினே போனேன், மிஸ்திரி! ஒருத்தன் கோழிக் கூடைய என் கால் மேல வெச்சிட்டான். உன் ஒயரிங்தான் இன்னாவோ பண்ணுது."

வந்ததே எனக்குக் கோபம். இத்தனை பேர் முன்னால் என் ஒயரிங்கா? நான் ரிலே வைத்தவன். நான் முனைக்கு முனை ஈயம் வைத்தவன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்த மாதிரி என் வாய் பக்கத்தில் வேறு குற்றவாளியைத் தேடியது.

"என் ஒயரிங்ல ஒண்ணும் இல்ல முதலாளி. செட்டு ராத்திரி பூரா ஓடினாத்தான் பேட்டரி இப்பிடிப் போவும். வண்டிய வுட்டுட்டு எறங்கச்சொல்ல யாரோ பாட்டு கேட்டுட்டு அணைக்காம போறாங்க."

"யாரோன்னா? சாவி ஒருத்தர்கிட்டதான இருக்கு."

நான் பதில் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததே சொன்ன மாதிரிதான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் வாயால் இன்னொருவரைக் கெடுத்தேன்.

மாமா முதலில் சிரித்தார். யாரோ வேடிக்கையாகப் பேசுவதாகத்தான் நினைத்திருப்பார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார்.

"தம்பி, பாட்டு போட்டா அந்தக் கம்பி மேல போவும்னு நீதான சொன்ன? செட்டு ஓடினு இருந்து பேட்டரி தீந்து போச்சுன்னா கம்பி மேலயே நிக்கணும் இல்ல? மூணு வாட்டியும் காலைல கம்பி கீழதான் இருந்துச்சு. நான் பாத்தேன்."

என்ன அருமையான கேள்வி! அந்த ஒரு கேள்வியில் என் பேச்சு மொத்தமும் உடைந்தது. எனக்கு அது அங்கேயே, அந்த நிமிஷமே புரிந்தது. ஆனால் கோபக்காரனுக்குப் புரிவது வேறு, ஒப்புக்கொள்வது வேறு. "அதெல்லாம் உங்களுக்குத் தெரியாது மாமா" என்று சொல்லிவிட்டேன்.

முதலாளி கையை நீட்டினார். மாமா சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அந்தக் கையில் வைத்தார். குரல் உயரவில்லை. "நான் வர்றேன் முதலாளி" என்று மட்டும் சொல்லிவிட்டு கேட்டைத் தாண்டிப் போனார். போகும்போது என்னைப் பார்த்து, "வர்றேன், மிஸ்திரி" என்றார். ஒரு நிமிஷம் முன்னால்வரை நான் தம்பியாக இருந்தேன்.

அன்று மதியமே வெயில் வந்தது. செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் சொட்டு மழை இல்லை. முதலாளியே வண்டியை ஓட்டினார், கேட்டில் ஒரு உரசு உரசினார், ஆனால் பேட்டரி ஒரு நாளும் படுக்கவில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். டிரைவர் போனார், பேட்டரி பிழைத்தது. ஊருக்கு இது போதாதா? "பெரிய மனுஷன்னு பாத்தா, ராத்திரில காருக்குள்ள குந்திகினு சினிமாப் பாட்டா கேக்குறாரு" என்று டீக்கடையில் பேசினார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரு பக்கம் நிம்மதி. பார்த்தாயா, என் ஒயரிங்கில் குறை இல்லை. இன்னொரு பக்கம் அந்த ஆன்டெனாக் கம்பி என் தொண்டையிலேயே குத்திக்கொண்டு நின்றது.

வெள்ளிக்கிழமை தொழுகை நாள், டேனரிக்கு விடுமுறை. ஓலைக்காக லீவு போட்டுவிட்டு அன்றைக்கு அவள் ஊருக்கு வந்தாள். வீட்டுக்குப் போய்விட்டு நேராக என் கடைக்கு வந்தாள். கல்யாணம் ஆகாத பெண் மாப்பிள்ளையின் கடைக்கு வரலாமா என்றெல்லாம் அவள் யோசிக்கவில்லை. வந்த கோபத்துக்கு எதிரிலிருந்த ஸ்டூலைத்தான் முதலில் தள்ளினாள்.

"எங்கப்பா மூணு நாளா சாயங்கால ஜெபத்துக்குக்கூட போவல. ஆணியப் பாத்துகினே குந்தினு இருக்காரு. நீங்க இன்னா சொன்னீங்க அவர?"

"நான் அவர் பேரச் சொல்லவே இல்ல."

"பேரச் சொல்லல! பெரிய யோக்கியம். கம்பி கீழ இருந்துச்சுன்னு அவரு சொன்னாரா இல்லியா?"

"சொன்னாரு."

"அதுக்கு நீங்க இன்னா பதில் சொன்னீங்க?"

எனக்கு அந்த இடத்தில் பொய் சொல்லத் தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஞாயித்துக்கிழம மூணாவது ஓலை. அதுக்குள்ள அந்தச் சாவி எங்க வீட்டு ஆணிக்கு வரணும். வரலன்னா போதகர் கேக்கச்சொல்ல நானே எழுந்து நிப்பேன். பொண்ணே தடை சொன்னாள்னு ஊர் பேசட்டும்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் செய்வாள் என்று எனக்குத் தெரியும். அவளிடம் எனக்குப் பிடித்ததே அதுதான், அதுவே இப்போது என் கழுத்துக்கு வந்தது. சாயங்காலம் மறுபடியும் மழை பிடித்துக்கொண்டது. எனக்குத் தூக்கம் வரவில்லை.

விடிந்ததும் விடியாததுமாக டேனரிக்குப் போனேன். கேட்டருகே அவள் குடையோடு நின்றிருந்தாள். "நீங்க வருவீங்கன்னு தெரியும்" என்றாள். நான் வராவிட்டால் அவளே வந்து இழுத்துப் போயிருப்பாள். வாட்ச்மேனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, கார் நிற்கும் ஷெட்டுக்குப் போனோம். டிக்கிப் பூட்டு எப்போதோ கெட்டுவிட்டது, ஸ்க்ரூ டிரைவரைச் செருகித் திருப்பினால் திறக்கும். திருப்பினேன்.

உள்ளே மூன்று சிவப்பு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. மூன்று ஆம்ப்ளிஃபயரும் முழித்துக்கொண்டிருந்தன. காரில் சாவி இல்லை. செட்டு அணைந்திருக்கிறது. ஆன்டெனா கீழே கிடக்கிறது. ஆள் யாரும் இல்லை. எனக்கு ஒரு நிமிஷம் பேய் பயமே வந்துவிட்டது.

முதல் வேலையாக ரிலேயைக் கழற்றினேன். விளக்கு அணையவில்லை. நீல ஒயரைப் பிடுங்கினேன். அணையவில்லை. எழுப்புகிறவனையே வெளியே தள்ளிவிட்டேன், தூங்க மாட்டேன் என்கின்றன! நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் குனிந்து, நான் அத்தனை பெருமையாக இழுத்து அடித்த தோலைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது இன்னா, இவ்ளோ ஈரமா இருக்குது?"

"மழைக் காத்து. தோல் அப்படித்தான் ஈரம் இழுக்கும்."

அவள் விரலை நாக்கில் வைத்தாள். நான் "ஐயே" என்பதற்குள் துப்பினாள்.

"உப்பு! ஒரே உப்பு." தோலை மறுபடியும் அழுத்திப் பார்த்தாள். "ஏங்க, நாங்க வார்டுல இ.சி.ஜி. எடுக்கச்சொல்ல கையில தகடு கட்டுவோம். வெறும் தோலுல கட்டினா ஒண்ணும் வராது. உப்புத் தண்ணில துணிய நனைச்சு அடியில வெச்சாத்தான் கரண்ட் பாயும். இங்கயும் நீங்க அதத்தான வெச்சிருக்கீங்க?"

என் காதில் யாரோ தாம்பாளத்தைப் போட்ட மாதிரி இருந்தது. ஆம்ப்ளிஃபயரில் பேட்டரித் திருகும் ரிமோட் திருகும் பக்கத்துப் பக்கத்தில்தான். இரண்டின்மேலும் படிந்து இந்தத் தோல் கிடக்கிறது. டேனரித் தோல், உப்பில் ஊறிய தோல். வெயிலில் சாதுவாக இருக்கும். மழைக் காற்றில் ஈரத்தைக் குடித்துவிட்டு, ஒரு திருகிலிருந்து அடுத்த திருகுக்குத் துளித் துளியாகக் கரண்டைக் கடத்தும். ஆம்ப்ளிஃபயரை எழுப்ப அந்தத் துளியே போதும். ஒன்று விழித்தால் அந்த மெல்லிய ஒயர் வழியாக மூன்றும் விழிக்கும். ஆன்டெனா வேறு ஒயரில் இருந்ததால் அது மட்டும் ஒழுங்காகத் தூங்கியது. மதியம் நான் டிக்கியைத் திறந்து போட்டு மீட்டர் பிடித்தபோதெல்லாம் தோல் காய்ந்து போயிருந்தது. ஆணிகளை நெம்பித் தோலை உரித்தேன். மூன்று விளக்கும் ஒரே சமயத்தில் அணைந்தன.

ரிலேயையும் நீல ஒயரையும் பழையபடி மாட்டினேன். இனி ஒரு பிரச்சினையும் இல்லை. ஒரு ரப்பர்த் துண்டை வைத்து மூடிவிட்டால் ஜென்மத்துக்கும் பேட்டரி படுக்காது. யாருக்கும் தெரியவும் தெரியாது. இதை நான் நினைத்தேனா என்று கேட்டால், நினைத்தேன். தோலைச் சுருட்டி என் பைக்குள் வைக்கிற அளவுக்கு நினைத்தேன். அவள் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய்க்காரி பேசாமல் நின்றால் எவ்வளவு கனம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தோலை வெளியே எடுத்து மறுபடியும் டிக்கியில் போட்டேன். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு முதலாளிக்காகக் காத்திருந்தேன்.

எட்டு மணிக்கு வந்தார். வேலைக்காரர்களும் வந்துவிட்டார்கள். எங்கே பேசினேனோ அதே இடத்தில் நின்று சொன்னேன். "முதலாளி, டிரைவர் மேல தப்பு இல்ல. தப்பு என்னுது" என்று ஆரம்பித்தேன். பேட்டரியை மாட்டினேன். ஈரத் தோலைத் திருகுகளின்மேல் வைத்து அழுத்தினேன், விளக்கு மங்கலாக எரிந்தது. எடுத்தேன், அணைந்தது. வைத்தேன், எரிந்தது. லோடு ஏற்றுகிற ஆள் ஒருவன் வாய்விட்டுச் சிரித்தான். "மூணு வாட்டி தள்ளினோமே, இந்தத் தோலுக்கா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். என் ஒயரிங்கைப் பார்த்து ஊரே சிரித்தது. செத்துவிடலாம் போல இருந்தது, ஆனால் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. தோலைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"தோலு நம்முளுது. உப்பும் நம்முளுது. வாய் மட்டும்தான் உன்னுது, மிஸ்திரி." பிறகு, "போ. நீயே போயி டிரைவரக் கூட்டிகினு வா" என்றார்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். மாமா வீட்டு வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், சட்டைப் பொத்தான் அன்றைக்கும் கழுத்துவரை போட்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். "என்ன மன்னிச்சிடுங்க மாமா" என்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். "பின்னால குந்துங்க, மிதிக்கிறேன்" என்றேன். என் சைக்கிளை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடக்க ஆரம்பித்தார். முக்கால் மைல். அவர் முன்னால் நடக்க, நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன். வழியில் பார்த்தவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள்.

முற்றத்தில் முதலாளி எழுந்து எதிரே வந்து சாவியை நீட்டினார். "தப்பு ஆய்ப்போச்சு, டிரைவர்" என்றார். மாமா வாங்கிக்கொண்டு தலையை ஆட்டினார். நேராகக் காருக்குப் போனார். பேட்டரியில் தெம்பில்லை, அந்த நாலு பேரும் கடைசித் தடவையாகத் தள்ளினார்கள். இன்ஜின் பிடித்ததும் முற்றத்து நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். கண்ணாடியை இறக்கினார்.

"மிஸ்திரி, இங்க வா. இதுல எதத் திருகணும்?"

எனக்குப் புரியவில்லை. கையை உள்ளே விட்டுக் காட்டினேன்.

அவர் ஒற்றை விரலால், சுட்டுவிடும் என்பதுபோல் தொட்டுத் திருகினார். ஆன்டெனா விர்ரென்று எழுந்தது. உள்ளே கிடந்த கேசட் பாட ஆரம்பித்தது. காதல் பாட்டு, கண்ணும் இடுப்பும் எல்லாம் வருகிற பாட்டு. மூன்று ஆம்ப்ளிஃபயரும் ஆறு ஸ்பீக்கரும் சேர்ந்து முற்றத்தையே அதிரவைத்தன. காயப்போட்ட தோல்கள் நடுவே நூறு பேர் அசையாமல் நின்றார்கள். அவர் இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் வைத்து, பார்வையை நேரே கேட்டின்மேல் வைத்து, முதல் அடியிலிருந்து கடைசி அடி வரைக்கும் முழுப் பாட்டையும் கேட்டார். அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள், சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பாட்டு முடிந்ததும் திருகி அணைத்தார். ஆன்டெனா இறங்கி முடிகிற வரைக்கும் தலையைச் சாய்த்து அதையே பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"இப்ப போயி ஊரு பூரா சொல்லு மாப்பிள்ள, டிரைவரு பாட்டு கேட்டாருன்னு."

மறுநாள் போதகர் மூன்றாவது ஓலையை வாசித்தார். யாரும் எழுந்திருக்கவில்லை.